ஆறாவது புரதம்

றுக்கியா எதையாவது விளங்கப்படுத்த வேண்டுமென்றால் அவள் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். வெறும் வாயால் சொன்னால் அவளுக்கே விளங்காது. நொதியம் தன் பொருளோடு பொருந்துவதைப் படிப்பிக்கப் பாடசாலை அதிபரின் அலுமாரிப் பூட்டையும் சாவியையும் வாங்கிப் போனாள். பிள்ளைகளுக்கு நொதியம் விளங்கியது. சாவி மட்டும் யாருடைய புத்தகப் பைக்குள்ளோ போய்விட்டது. அன்று மாலை அலுமாரியை உடைத்துத்தான் திறந்தார்கள். குருதிச் சுற்றோட்டத்துக்குப் பாலாவிச் சந்தியை எடுத்தாள். கொழும்பு பஸ் ஒரு பக்கம், கற்பிட்டி பஸ் ஒரு பக்கம், நடுவில் சீமெந்து லொறி. இதயம் விளங்கியது. ஒருத்தி மட்டும் சீமெந்து லொறி எந்தக் குழாயால் போகும் என்று தவணை முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது, நான்கு வயதில் வள்ளத்தில் வந்தவள் அவள். அந்தப் பயணத்தைப் பற்றி யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால், "வள்ளம் ஆடி உம்மாட மடியில சத்தியெடுத்தன், அதுதான் ஞாபகம்" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவாள். கரைத்தீவுக் குடியிருப்பில் வளர்ந்தாள். உயர்தரத்தில் உயிரியல் படிப்பதற்கு இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போக வேண்டும். அவளுடைய வாப்பா அனுப்பினார். மற்ற வாப்பாமார் அனுப்பவில்லை. பட்டம் முடித்து டவுனில் சில வருடம் படிப்பித்த பிறகு, தன் குடியிருப்புப் பாடசாலைக்கே உயிரியல் வகுப்பு வேண்டுமென்று கல்வி அலுவலகம், அமைச்சு என்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். கடைசியில் வகுப்பு கிடைத்தது, ஆய்வுகூடம் கிடைக்கவில்லை. நுணுக்குக்காட்டி ஒன்று வந்தது. அதன் கண்ணாடியில் பூஞ்சணம் படிந்திருந்தது. வகுப்பில் சேர்ந்த பதினொரு பெண் பிள்ளைகளும் முதல் மாதம் முழுக்க அந்தப் பூஞ்சணத்தைத்தான் படித்தார்கள்.

அவளுடைய கணவன் ஃபாஹிம் கல்யாண வீடுகளுக்குக் கூடாரம், கதிரை, பாய், சஹன் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பவன். சஹன் என்பது ஆறு பேர் வட்டமாக இருந்து சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு. ஃபாஹிம் கொடுப்பதோடு நிற்க மாட்டான். பந்தியில் ஆட்களை இருத்துவதும் அவன்தான். தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, ஆறு விரலைக் காட்டியபடி, "இஞ்ச ஒராள், இஞ்ச ஒராள்" என்று மண்டபம் முழுக்க நடப்பான். சமையலறையில் சோறு ஆவி பறக்க இருக்கும். வட்டத்தில் ஆறு பேர் சேராமல் அவன் கையை உயர்த்த மாட்டான். அவன் கை உயராமல் சோறு வெளியே வராது.

அந்த வருடம் பாடம் பிரதியெடுத்தல் காரணிகளுக்கு வந்தது. புத்தகத்தில் இப்படி இருந்தது: 'பிரதியெடுத்தல் காரணிகள் எனும் புரதங்கள் டி.என்.ஏ.யின் குறித்த இடங்களில் பிணைந்து, ஏனைய புரதங்களுடன் இடைத்தாக்கம் புரிந்து, பரம்பரையலகின் வெளிப்பாட்டைச் சீராக்கும்.' றுக்கியா இதை மூன்று தரம் வாசித்தாள். பிள்ளைகள் மூன்று தரமும் எழுதினார்கள். பின்வரிசையில் ஒருத்தி நித்திரையாகிவிட்டாள்.

அடுத்த நாள் காலை றுக்கியா கடையிலிருந்து ஒரு சஹனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

"அது நாளைக்கு நுரைச்சோலைக் கல்யாணத்துக்குப் போறது" என்றான் ஃபாஹிம்.

"பின்னேரம் தருவன்."

"உங்கட புரதத்துக்கு என்ட தட்டு என்னத்துக்கு?"

"சோறு போட இல்ல. ஆள் இருத்த."

வகுப்பில் பாயை விரித்து, நடுவில் சஹனை வைத்து, சுற்றிவரத் தேநீர்க் கோப்பைகளை அடுக்கினாள். சஹன்தான் பரம்பரையலகுக்கு, அதாவது ஜீனுக்கு, முன்னால் உள்ள இடம். கோப்பைகள் காரணிகள்.

"உடம்பில உள்ள ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் முழுச் சமையலறையும் இருக்கு" என்றாள். "கண்ணில உள்ள கலத்திலயும் அதே பானைகள்தான், ஈரல்ல உள்ள கலத்திலயும் அதே பானைகள்தான். எல்லாம் ஒரே டி.என்.ஏ. அப்ப கண் ஏன் கண்ணா இருக்கு, ஈரல் ஏன் ஈரலா இருக்கு?"

"வந்த ஆக்கள் வேற" என்றாள் ஸும்ரா. முன்வரிசைப் பிள்ளை. கேட்கிற கேள்விக்கு முன்னாலேயே கை தூக்குபவள்.

"அதுதான். முதல்ல ஒரு காரணி வந்து தனக்குரிய இடத்தில இருக்கும். அது தனிய ஒண்டும் செய்யாது. பக்கத்தில இன்னொண்டைக் கூப்பிடும். அதுகள் ஒண்டையொண்டு தொட்டுக்கொண்டிருந்தாத்தான் மற்றதுகளும் வந்து சேரும். டி.என்.ஏ.யைத் தொடாமலே, எல்லாத்தையும் ஒண்டு சேர்த்துப் பிடிக்கிற புரதங்களும் இருக்கு."

"ஃபாஹிம் நானா மாதிரி" என்றாள் ஸும்ரா. ஊரில் அண்ணன்மார் எல்லாம் நானாமார்தான்.

பதினைந்து வருடம் கூட வாழ்ந்தும் றுக்கியாவுக்கு இது தோன்றியிருக்கவில்லை. "ஓம்" என்றாள். "அவர் சாப்பிடுறதும் இல்ல, பாயில இருக்கிறதும் இல்ல. ஆனா அவர் இல்லாட்டி ஒண்டும் நடக்காது. கூட்டம் சேர்ந்த பிறகுதான் ஆர்.என்.ஏ. பொலிமரேஸ் வரும், பிரதியெடுக்கத் தொடங்கும். அந்த ஆர்.என்.ஏ. பிரதிதான் சோறு."

"டீச்சர், உப்பு வைக்கல்ல" என்றாள் இன்னொருத்தி. சஹனில் சோற்றுக்கு முன் ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைப்பது அங்கே வழக்கம். சிரிப்பு அடங்கட்டுமென்று றுக்கியா பக்கத்து வீட்டிலிருந்து உப்பும் எடுப்பித்து வைத்தாள். பாடம் அருமையாகப் போனது. அன்று யாரும் நித்திரையாகவில்லை.

கரையோரப் பாடசாலைகளின் உயிரியல் ஆசிரியர்கள் ஒரு வட்டமாகச் சேர்ந்து மாதிரிப் பரீட்சை வைப்பார்கள். அந்த முறை விடைத்தாள் திருத்தியவர் வின்சன்ட் சேர். சிலாபம் பக்கத்துக் கரையோர ஊரொன்றில் படிப்பிப்பவர், கண்டிப்பானவர். பரீட்சை முடிந்து கொஞ்ச நாளில் அதிபர் செய்னுலாப்தீன் றுக்கியாவைக் கூப்பிட்டார். அவருடைய முகத்தில் அலுமாரி உடைத்த நாளின் களை இருந்தது.

"டீச்சர், உங்கட பிள்ளைகள் பார்த்தெழுதியிருக்காங்களாம். பதினொரு பேரும் ஒரே பிழை. வின்சன்ட் சேர் ஞாயித்துக்கிழமை நேர்ல வாறாராம்."

"என்ன பிழை?"

அதிபர் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் பேனையால் குறித்து வைத்திருந்தார். "பரம்பரையலகு தொழிற்பட ஆறு புரதங்கள் தேவை. ஒவ்வொரு புரதமும் தனக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் வாசிக்கும். முதலில் உப்பு தேவை."

ஆறு என்று றுக்கியா ஒருநாளும் சொல்லவில்லை. கோப்பைகளை எண்ணி வைத்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை. கை தானாக ஆறு வைத்திருக்கும். சஹனில் தனக்கு முன்னால் உள்ளதைத்தான் சாப்பிட வேண்டும் என்பது பிள்ளைகள் நடை பழகும்போதே பழகியது. சஹன் தன்பாட்டில் படிப்பித்துவிட்டது.

"பார்த்தெழுதினதெண்டு முடிவாச்செண்டா பேப்பர் ரத்து" என்றார் அதிபர். "பேப்பர் ரத்தானா வகுப்பைத் திரும்ப டவுனுக்கு மாத்தச் சொல்லுவாங்க. வாப்பாமாரைத் தெரியும்தானே? பஸ்ஸில ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க."

"பார்த்தெழுதல்ல சேர்."

"அப்ப?"

அப்ப டீச்சர் பிழையாகப் படிப்பித்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் வகுப்பு போகும்.

ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில் கல்யாணம். வேறு மண்டபம் இல்லாத ஊரில் எல்லாக் கல்யாணமும் அங்கேதான். ஃபாஹிம் விடியப்புறமே வந்து பாய் விரித்துக்கொண்டிருந்தான். வின்சன்ட் சேர் வேனில் வந்து இறங்கினார். மெலிந்த உயரமான மனிதர். சட்டைப் பையில் சிவப்புப் பேனை இரண்டு. வேனுக்குள் எல்லாப் பாடசாலைகளின் விடைத்தாள் கட்டுகளும் இருந்தன. வீட்டில் வைத்தால் கறையான் என்றார்.

"பிள்ளைகளைத் தனித்தனியக் கேளுங்க சேர்" என்றாள் றுக்கியா. "புதுக் கேள்வி கேளுங்க. பார்த்தெழுதின பிள்ளைக்குப் பதில் வராது."

அவர் ஒத்துக்கொண்டார். நூலக அறையில் இருந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். றுக்கியாவை உள்ளே விடவில்லை. அவள் வெளியே யன்னலுக்குக் கீழே, பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல ஊற்றிக்கொண்டு நின்றாள். பூச்சட்டியில் செடி இருக்கவில்லை.

"கண் வில்லையைச் செய்யிற பரம்பரையலகு ஈரல்லயும் இருக்கு. அப்ப ஈரல் ஏன் வில்லை செய்யாது?" என்று உள்ளே வின்சன்ட் சேர் கேட்டார்.

"அதைத் தொடக்கி வைக்கிற கூட்டம் அங்க இல்ல சேர்" என்றாள் ஸும்ரா. "சிலர் இருப்பாங்க. எல்லாரும் இல்ல."

"சிலர் இருந்தாக் கொஞ்சமாவது நடக்காதா?"

"அஞ்சு பேருக்குச் சோறு..." ஸும்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன சோறு?"

"ஆர்.என்.ஏ. சேர்."

அடுத்தவளிடம், ஒரே காரணி எப்போதும் ஒரே வேலைதான் செய்யுமா என்று கேட்டார்.

"இல்ல சேர். பக்கத்தில ஆரு இருக்காங்க எண்டதைப் பொறுத்தது. ஒரு கூட்டத்தில தொடக்கி வைக்கும், இன்னொரு கூட்டத்தில மறிக்கும். எங்கட பெரியப்பா மாதிரி."

மூன்றாமவள் உப்பைக் கைவிட மறுத்தாள். "உப்பு வேணும்தான் சேர். மக்னீசிய உப்பு இல்லாட்டி பொலிமரேஸ் வேலை செய்யாது." வின்சன்ட் சேரின் பேனை கீறும் சத்தம் கேட்டது. உப்புக்கு அரைப் புள்ளி போட்டார் என்று பின்னால் தெரிந்தது.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு வெளியே வந்தார். "டீச்சர், பிள்ளைகளுக்கு விளங்கியிருக்கு. நல்லாவே விளங்கியிருக்கு. எனக்குத்தான் விளங்கல்ல. விளங்கின பிள்ளைகள் எல்லாரும் ஏன் ஒரே பிழையை எழுதுது?"

"நான் ஆறெண்டு சொல்லல்ல சேர்."

"அப்ப ஆர் சொன்னது?"

"சஹன்" என்றாள்.

அவர் பார்த்தார். பெருநாளுக்கு முஸ்லிம் கூட்டாளிமார் வீட்டில் பிரியாணி சாப்பிட்ட மனிதர்தான். ஆனால் கதிரையில் இருந்து, தனிப் பீங்கானில். சஹன் என்பது ஏதோ புத்தகத்தின் பெயர் என்று நினைத்திருக்க வேண்டும். "எந்த வெளியீடு?" என்று கேட்டார்.

"முதல்ல சாப்பிடுவம்" என்று அதிபர் குறுக்கே புகுந்தார். "கல்யாண வீட்டுக்காரர் உங்களையும் கூட்டிவரச் சொன்னவர். கதை பிறகு."

ஆண்கள் பக்கத்தில் கடைசிப் பந்தி இருந்துகொண்டிருந்தது. றுக்கியா பெண்கள் பக்கம் போய், நடுவே கட்டியிருந்த திரையின் விலகலில் கண்ணை வைத்தாள். ஓர் ஓரத்து வட்டத்தில் வின்சன்ட் சேர் காலை மடிக்கத் தெரியாமல் மடித்து இருந்தார். அருகில் அதிபர். எதிரே பாலாவி உப்பளத்தில் வேலை செய்யும் மூன்று பேர். ஆறாவது இடத்தில் ஒரு ஹெல்மட் இருந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் இடம் பிடித்து வைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தபடி கேற்றுக்கு வெளியே நின்றான்.

மற்ற வட்டங்களுக்குச் சஹன் வந்துவிட்டது. வாசனை இந்த வட்டத்தைத் தாண்டித் தாண்டிப் போனது. ஃபாஹிம் திரையோரம் வந்தான்.

"உங்கட சேர் பசியில இருக்கார். விருந்தாளிதானே, அஞ்சு பேருக்கே வைக்கட்டா?"

"வைக்காதீங்க."

"என்ன புள்ள?"

"ஆறாவது ஆள் வரட்டும்."

"ஒரு மனுசனைப் பட்டினி போடச் சொல்லுறீங்களா?"

"படிப்பிக்கிறன்" என்றாள். "கையை உயர்த்தாதீங்க."

ஃபாஹிம் அவளைப் பார்த்தான், வின்சன்ட் சேரைப் பார்த்தான். பிறகு துவாயைத் தோளில் சரி செய்துகொண்டு மண்டபத்தின் மறுகோடிக்குப் போய்ச் சும்மா நின்றான். தொழிலில் அவனுக்கு இது முதல் தடவை.

"எங்களுக்கு ஏன் வரல்ல?" என்று வின்சன்ட் சேர் கேட்பது றுக்கியாவுக்குக் கேட்டது.

"ஒராள் குறையுது" என்றார் உப்பளத்துக்காரர் ஒருவர்.

"சோறு முடிஞ்சுதா?"

"சே, அண்டா நிறையக் கிடக்கு."

"அப்ப கொண்டரலாம்தானே?"

"ஒராள் குறையுதே" என்றார் அவர் திரும்பவும், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

வின்சன்ட் சேர் வட்டத்தை எண்ணினார். பக்கத்து வட்டத்தை எண்ணினார். அதற்கடுத்த வட்டத்தையும் எண்ணினார். அவருடைய கை சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனைக்குப் போய்த் திரும்பியது. பிறகு ஹெல்மட்டை உற்றுப் பார்த்தார். "இது அடக்கி" என்றார். அதிபருக்கு விளங்கவில்லை. "அடக்கிப் புரதம் சேர். இடத்தைப் பிடிச்சுக்கொண்டு ஒருத்தரையும் விடாமல் கிடக்கு." சொல்லிக்கொண்டே ஹெல்மட்டைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். வாசலில் நின்ற தன் வேன் சாரதியைக் கை தட்டிக் கூப்பிட்டார். சாரதி வந்து இருந்தான். றுக்கியா திரைக்குள்ளிருந்து தலையசைத்தாள். ஃபாஹிமின் கை உயர்ந்தது. சஹன் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் பாடம் பாதிதான். உப்பை நாக்கில் வைத்து, பிஸ்மி சொல்லி எல்லோரும் தொடங்கியதும், வின்சன்ட் சேர் பசியில் எதிர்ப்பக்கம் கிடந்த பொரித்த கோழித் துண்டுக்குக் கையை நீட்டினார்.

"சேர்" என்றார் அதிபர் மெதுவாக. "உங்களுக்கு முன்னால உள்ளது."

நீட்டிய கை நடுவில் நின்றது. "ஒவ்வொரு புரதமும்" என்று வின்சன்ட் சேர் உரத்துச் சொன்னார், "தனக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும்!" உப்பளத்துக்காரர் மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சிலாபம் பக்கத்தில் இப்படியும் ஒரு சாப்பாட்டுத் துஆ இருக்கிறது போலும் என்று ஒருவர் தலையாட்டினார். வின்சன்ட் சேர் கேட்காமலே கோழித் துண்டு அவருடைய பக்கத்துக்கு நகர்ந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு றுக்கியாவும் அதிபரும் வின்சன்ட் சேரும் நூலக அறையில் இருந்தார்கள். வின்சன்ட் சேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் பேனையை எடுத்ததும் முகம் மாறியது.

"பார்த்தெழுதல்ல. அது எனக்கு விளங்கிட்டு. ஆனா பிழை பிழைதான் டீச்சர். ஆறு எண்டு ஒரு கணக்கில்ல. காரணிகள் வாசிக்கிறதும் இல்ல, வாசிக்கிறது பொலிமரேஸ். ஒரு வகுப்பு முழுக்க ஒரே பிழையெண்டா, படிப்பிச்சதில பிழையெண்டு ஆசிரியர் வட்டத்துக்குச் சொல்லத்தான் வேணும்."

"சொல்லுங்க சேர்" என்றாள் றுக்கியா. "ஆனா வகுப்பு முழுக்க ஒரே பிழை எங்கட பிள்ளைகள்ட்ட மட்டுமா இருக்கு? மற்றக் கட்டுகளையும் ஒருக்காப் பார்ப்பம்."

நம்பிக்கை இருந்து அவள் கேட்கவில்லை. நேரத்தை இழுக்கத்தான் கேட்டாள். சாரதி கட்டுகளைக் கொண்டுவந்து போட்டான். முதல் கட்டில் பலவிதப் பிழைகள். இரண்டாவதில் பிழை எழுதவும் ஆளில்லை, வெறுந்தாள். மூன்றாவது கட்டை அவிழ்த்து நான்கைந்து தாள் புரட்டியதும் றுக்கியாவின் விரல் மெதுவாகியது. ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் சிவப்பில் சரி போட்டிருந்தது. அவள் கட்டை மேசைக்குக் குறுக்கே தள்ளினாள்.

வின்சன்ட் சேர் வாசித்தார். 'ஆர்.என்.ஏ. பொலிமரேஸ் பரம்பரையலகின் இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு நடுவில் வந்து சேரும்.' அடுத்த தாளிலும் இழுத்தது. அதற்கடுத்ததிலும் இழுத்தது.

"இது எந்தப் பாடசாலை சேர்?"

"எங்கட."

"கரைவலை இழுக்கிற ஊரா?"

அவருடைய காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. கரைவலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கும். அவர் வகுப்புக்கு மெய்யாகவே ஒரு கயிறு கொண்டு போயிருந்தார். கூட்டமாகச் சேர்ந்தால்தான் வலை அசையும் என்று காட்ட, பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்தி இழுக்கவும் வைத்திருந்தார். பொலிமரேஸ் ஒரே திசையில்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தாளில் அந்த வரியைக் கண்டபோது கண்ணுக்குள் வலைதான் வந்தது. கை சரி போட்டுவிட்டது.

"மாதாவே" என்றார்.

"பார்த்தெழுதியிருப்பாங்களோ சேர்?"

"டீச்சர்."

"சும்மா கேட்டன்."

"போதும் டீச்சர்" என்றவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பெரிதாகி மேசை ஆடியது. அதிபருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், வகுப்பு தப்புகிறது என்ற அளவுக்கு விளங்கியது, அவரும் சேர்ந்துகொண்டார்.

அன்று பின்னேரம்வரை இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து திருத்தினார்கள். அவள் அவருடைய பிள்ளைகளின் கயிறுகளை வெட்டினாள். அவர் அவளுடைய பிள்ளைகளின் ஆறுகளை வெட்டினார். "கொஞ்சம் இரக்கம் பாருங்க டீச்சர், அதுகள் மீன் பிடிக்கிற பிள்ளைகள்" என்பார். "எங்கட பிள்ளைகளும் சஹனில சோறு தின்னுற பிள்ளைகள்தானே, அதுகளுக்கு மட்டும் இரக்கம் இல்லையா?" என்பாள் அவள். புறப்படும்போது அவர் அதிபரிடம் சொன்னார்: "ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் புள்ளி குறையும். வட்டத்தில நானே எழும்பிக் கதைப்பன், என்ட கயித்தில இருந்து தொடங்குவன். இந்த வகுப்பு இஞ்சயே இருக்கட்டும் சேர். இதை டவுனுக்கு அனுப்பினா டவுன்காரருக்குத்தான் லாபம்."

திங்கட்கிழமை றுக்கியா வகுப்புக்குப் போய் முதல் வேலையாகப் பலகையில் '6' என்று பெரிதாக எழுதி, அதன்மேல் குறுக்கே கோடு போட்டாள்.

"ஆறு இல்ல" என்றாள்.

பதினொரு பேனைகளும் தயாராகின. "அப்ப எத்தனை டீச்சர்?" என்றாள் ஸும்ரா.

"கணக்கில்ல. பரம்பரையலகைப் பொறுத்தது, கலத்தைப் பொறுத்தது, எந்த நேரம் எண்டதைப் பொறுத்தது. சிலதுக்குக் கொஞ்சப் பேர் போதும். சிலதுக்குப் பெரிய கூட்டமே வேணும். ஒண்டு குறைஞ்சா முழுக்க நிண்டு போகுமெண்டும் இல்ல, சிலவேளை மெதுவா நடக்கும்."

பேனைகள் அசையவில்லை.

"பரீட்சைக்கு மட்டும் ஒரு நம்பர் சொல்லுங்களே டீச்சர்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

"சொல்ல மாட்டன். 'பொறுத்தது' எண்டு எழுதுங்க. எதைப் பொறுத்தது எண்டும் எழுதுங்க."

ஸும்ரா எழுதினாள். எழுதியதைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். பிறகு கை தூக்கினாள்.

"பொறுத்ததுக்கு எத்தனை புள்ளி டீச்சர்?"

"ரெண்டு" என்றாள் றுக்கியா.

அதன் பிறகுதான் மற்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள்.